சுடுமண்ணும் தோலும்



இந்தியாவின் பெருநகரங்களிலுள்ள கைப்பணிக் கடைகளுக்குள் இன்று நுழைவோர் ஒரு புதுமையைக் காணலாம். பெண்கள் தோளில் மாட்டும் தோற்பையின் மேல்மூடியில், நீண்ட கழுத்தும் இலை போன்ற காதுகளுமுடைய குதிரையொன்று புடைத்து நிற்கும். வேறொரு பணப்பையின் ஓரத்தில் அன்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையிற் செல்லும். மூக்குக்கண்ணாடிக் கூட்டின் மீது கொடியும் பூவும் படர்ந்திருக்கும். இவ்வுருவங்கள் தோலிற் பிறந்தவையல்ல. இவை வங்காளத்துக் குயவர் கையில், ஈர மண்ணில் உருவாகிச் சூளையில் வெந்தவை. சுடுமண்ணிற் கண்ட அழகைத் தோலுக்கு மாற்றும் இம்முயற்சி எவ்வளவு தூரம் பொருந்தும், எங்கே பொருந்தாமற் போகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மண்ணுக்கும் தோலுக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கக்கூடும். ஒன்று பூமியிலிருந்து வருவது. மற்றது உயிரின் உடம்பிலிருந்து வருவது. ஒன்று நெருப்பிலிட்டால் உறுதி பெறுவது. மற்றது நெருப்பருகே சென்றாலே சுருங்கிக் கெடுவது. ஆயினும் வேலை செய்பவன் கைக்கு இவ்விரண்டும் அத்துணை அந்நியமானவையல்ல. குயவன் பிசைந்து வைத்த மண், ஈரம் சற்று வற்றிய ஒரு கட்டத்தில், கத்தியால் வெட்டினால் சிதையாமலும் விரலால் அழுத்தினால் ஒட்டாமலும் நிற்கும். நுணுக்கமான செதுக்கு வேலைகள் யாவும் அந்தப் பதத்திலேதான் நடைபெறுகின்றன. ஆங்கிலம் பேசும் நாடுகளின் குயவர்கள் அந்தப் பதத்திற்குத் தோலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். தோலைப் போல் வளைந்து கொடுக்கும் உறுதி என்பது அதன் கருத்து. மறுபுறம், மரப்பட்டையாற் பதனிட்ட தோலை நீரில் நனைத்துச் சிறிது நேரம் விட்டுவைத்தால், அது ஏறக்குறைய மண்ணின் குணத்தை அடைகிறது. மழுங்கிய கருவியால் அழுத்திய இடம் பள்ளமாகிறது. பின்புறமிருந்து தள்ளிய இடம் மேடாகிறது. காய்ந்தபின் அவ்வுருவம் அப்படியே நிலைத்துவிடுகிறது. ஈர மண்ணும் ஈரத் தோலும் சந்திக்கும் இந்த இடமே நமது பொருளுக்கு அடிப்படை.

இனி, அந்தச் சுடுமண் கலையின் இருப்பிடத்திற்குச் செல்வோம். மேற்கு வங்காளத்தின் பாங்குரா மாவட்டத்தில் விஷ்ணுபுரம் என்றொரு பழைய தலைநகர் உண்டு. வங்காளிகள் பிஷ்ணுபூர் என்பார்கள். மல்ல மன்னர்கள் அங்கிருந்து ஆட்சி புரிந்தார்கள். அவர்களுள் வீர ஹம்பீரர் வைணவ நெறியைத் தழுவிய பின்னர், கண்ணனுக்குக் கோயிலெழுப்பும் ஆர்வம் அம்மரபில் வேரூன்றியது. 1600ஆம் ஆண்டளவில் ராஸ் மஞ்சம் எழுந்தது. 1643இல் இரகுநாத சிங்கர் காலத்தில் ஐந்து சிகரங்களையுடைய சியாம் ராய் கோயிலும், 1655இல் ஜோர் பங்களா என்னும் இரட்டைக் குடில் வடிவக் கோயிலும், 1694இல் துர்ஜன சிங்கர் காலத்தில் மதனமோகன் கோயிலும் கட்டப்பட்டன. வங்காளத்தின் பெரும்பகுதி ஆறுகள் கொண்டுவந்து குவித்த வண்டல் நிலம். தென்னாட்டிலுள்ளது போன்ற கருங்கல் அங்கே அகப்படுவது அரிது. விஷ்ணுபுரத்தின் அருகே செம்புரைக்கல் கிடைத்தபடியால் சில கோயில்கள் அக்கல்லாலும் ஆயின. எனினும் நுண்ணிய சிற்பத்திற்கு இடங்கொடாத சொரசொரப்பான கல் அது. ஆகவே செங்கல்லே சுவராயிற்று. சுட்ட மண்பலகையே சிற்பமாயிற்று.

அச்சுவர்களைப் பார்ப்பவன் முதலில் திகைப்பான். கையகலமேயுள்ள பலகைகள் நூற்றுக்கணக்கில் அடுக்கடுக்காகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. இராமாயணப் போர் ஒருபுறம், கண்ணனின் லீலைகள் ஒருபுறம், இவற்றோடு கலந்து உலக வாழ்க்கையும் அங்கேயுண்டு. வேட்டைக்குச் செல்வோர், ஓடத்திற் போவோர், மத்தளம் கொட்டுவோர், துப்பாக்கி ஏந்திய வீரர் என்று அக்காலத்து மனிதர் அத்தனைபேரும் கடவுளருக்கு அயலில் குடியிருக்கிறார்கள். சியாம் ராய் கோயிலில் கோபியர் கைகோத்து வட்டமிடும் இராசமண்டலம், வட்டத்துள் வட்டமாக விரிந்து கண்ணைச் சுழற்றுகிறது.

இந்த வளத்தைப் பார்த்தவுடன், ஒரு பலகையைப் படம் பிடித்து அப்படியே பையொன்றின்மேல் அச்சிட்டுவிடலாம் என்று நினைப்பது எளிது. பலர் அதைத்தான் செய்கிறார்கள். விளைவு, கோயிலின் நிழற்படமொன்றைப் பையில் ஒட்டியதுபோல் இருக்கிறது. அது சுடுமண்ணிலிருந்து கற்ற பாடமாகாது. உருவத்தை விட்டுவிட்டு அதன் அமைப்பை நோக்கினால் வேறு சங்கதிகள் புலப்படும்.

முதலாவது, கூரையின் வளைவு. விஷ்ணுபுரக் கோயில்களின் இறவாணம் நேர்கோடாக இராது. மூங்கிலை வளைத்து வைக்கோல் வேய்ந்த வங்காளக் குடிசையின் கூரை நடுவில் உயர்ந்து இருமருங்கும் தாழும். மழைநீர் விரைந்து வழிவதற்காகக் குடியானவன் கண்ட உபாயம் அது. கோயில் கட்டியவர்கள் மூங்கிலை விட்டுச் செங்கல்லுக்கு வந்தபோதும் அவ்வளைவை விடவில்லை. இப்பொழுது ஒரு கைப்பையின் மேல்மூடியை எண்ணிப் பாருங்கள். அதுவும் பைக்கு ஒரு கூரைதானே. அதன் விளிம்பை அந்த வளைவில் வெட்டி, ஓரத்தில் இரண்டு மெல்லிய கோடுகளை மட்டும் அழுத்தினால், ஒரு தெய்வ உருவமும் இல்லாமலே அந்தப் பை விஷ்ணுபுரத்தை நினைவூட்டும். மூங்கிலிலிருந்து செங்கல்லுக்கு மாறிய வடிவம் செங்கல்லிலிருந்து தோலுக்கு மாறுவதில் முறைகேடு ஒன்றுமில்லை.

இரண்டாவது, சட்டம். பல பலகைகளில் உருவம் ஒரு பள்ளத்தினுள் நிற்க, அதைச் சுற்றியுள்ள சட்டம் அவ்வுருவத்தின் உயரத்திற்கு எழும்பி நிற்கும். காற்றும் மழையும் வந்துபோவோரின் தோளும் முதலிற் படுவது சட்டத்தின்மேல். உள்ளிருக்கும் முகம் பிழைத்துக்கொள்ளும். தோற்பொருளிலும் இதே தொல்லை இருக்கிறது. புடைத்து நிற்கும் பாகமே முதலில் தேய்ந்து நிறமிழக்கிறது. நாள்தோறும் சட்டைப்பையிற் போட்டெடுக்கும் பணப்பையின் நடுவே ஒரு குதிரை தனியாகப் புடைத்து நின்றால், அதன் மூக்கும் காதும் விரைவிலே மழுங்கிவிடும். சுற்றிலும் ஒரு சட்டத்தை அதே உயரத்திற்கு எழுப்பிக் குதிரையை அதனுள் வைத்தால் தேய்வைச் சட்டம் தாங்கிக்கொள்ளும். பழைய குயவனின் அறிவு இங்கே நேராக உதவுகிறது.

மூன்றாவது, நிழல். சுடுமண் சிற்பத்தில் வர்ணம் இல்லை. உருவம் புலப்படுவது வெயிலும் நிழலும் ஒன்றையொன்று வெட்டுவதால். தோலில் வேலை செய்வோர் இதை மறந்து, ஒவ்வோர் உருவத்திற்கும் பச்சை, நீலம், மஞ்சள் என்று சாயம் பூசிவிடுகிறார்கள். பூசியவுடன் சுடுமண் மறைந்து சந்தைப் பொம்மை வந்துவிடுகிறது. ஒரே நிறமுடைய தோலில் ஆழமான பள்ளமும் தெளிவான மேடும் அமைந்தால் அதுவே போதுமானது.

விஷ்ணுபுரத்திற்கு அயலிலுள்ள பாஞ்ச்முரா என்னும் கிராமத்தைச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவு பெறாது. பாங்குராக் குதிரையின் பிறப்பிடம் அது. அங்குள்ள குயவர் குடும்பங்கள் கும்பகார் என்னும் பெயரைத் தாங்கியவை. நாட்டார் தெய்வமாகிய தர்மத் தாக்கூருக்கு நேர்த்திக்கடனாக வைப்பதற்கென்று ஏற்பட்டது இக்குதிரை. நம் தமிழ்நாட்டு ஐயனார் கோயிற் குதிரைகளை அறிந்தவர்களுக்கு இவ்வழக்கம் விளங்குவதிற் சிரமமிராது. குதிரையின் கழுத்து, உடல், கால்கள் ஆகியவற்றைத் தனித்தனியே சக்கரத்தில் உள்ளீடற்ற குழல்களாக வனைந்து, பின்னர் ஈர மண்ணால் இணைப்பார்கள். காதும் வாலும் வேறாகச் செய்து, உடலில் விட்டுவைத்த துளைகளிற் செருகப்படும். ஒடியக்கூடிய உறுப்புகள் கழற்றிப் பூட்டத்தக்கனவாக இருப்பதன் வசதியைச் சொல்ல வேண்டியதில்லை. உண்மைக் குதிரைக்கு அத்தனை நீண்ட கழுத்து ஏது என்று கேட்பவருக்கு விடை சக்கரத்தில் இருக்கிறது. குழலாக எழும்புவது சக்கரத்தின் இயல்பு. அந்த இயல்பே அழகாகிவிட்டது.

இதிலிருந்து தோற்பொருள் வகுப்போர் எதைக் கற்கலாம்? குதிரையின் படத்தை எடுத்துக்கொள்வது ஒரு வழி. அது முன்னரே பழகிப்போன வழி. இந்தியாவின் மத்திய குடிசைக் கைத்தொழில் விற்பனை நிலையம் அக்குதிரையைத் தன் இலச்சினையாகவே கொண்டது. இன்னொரு வழி, குதிரையின் உறுப்பமைப்பை எடுத்துக்கொள்வது. தைத்து மூடாமல், துளையிற் செருகிப் பூட்டும் நாவுகளால் இணைந்த பையொன்றை வகுக்கலாம். காதின் இலை வடிவையே அந்த நாவுக்குக் கொடுக்கலாம். குதிரையின் மார்பிலும் கழுத்திலும் குயவர் ஒட்டும் சிறு வட்டங்களையும் வரிகளையும், பட்டிகள் சேரும் இடங்களில் வைக்கலாம். குதிரையே இல்லாத பையில் குதிரை இருக்கும். எனக்கு இந்த இரண்டாவது வழியே உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் வாங்குவோர் பெரும்பாலும் முதலாவதையே கேட்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்; கடைக்காரனுக்கும் வயிறு உண்டு.

நிறத்தைப் பற்றி ஒரு சுவையான செய்தி இருக்கிறது. பாஞ்ச்முராக் குதிரைகள் சிவப்பு, கறுப்பு என இரு நிறத்தன. இரண்டுக்கும் மண் ஒன்றே. சூளையின் துவாரங்கள் திறந்திருந்து புகை வெளியேறினால் பொருள் சிவக்கிறது. துவாரங்களை அடைத்துப் புகையை உள்ளேயே சுற்றவிட்டால் கறுக்கிறது. மண்ணிலுள்ள இரும்புச் சத்து காற்றைப் பெறும்போது ஒரு நிறமும் பெறாதபோது வேறு நிறமும் காட்டுகிறது. தோலிலும் இரும்பு இதே விளையாட்டைச் செய்யும். மரப்பட்டையிலும் கடுக்காயிலுமுள்ள துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்தால் கறுப்பு உண்டாகும். நம் முன்னோர் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியது இந்த நியாயத்தினால்தான். எனவே பட்டையாற் பதனிட்ட தோலுக்கு, புளித்த காடியில் இரும்பை ஊறவைத்த நீரைப் பூசினால், கடைச்சாயம் ஒன்றும் வேண்டாமலே கறுத்த குதிரையின் நிறம் வந்துவிடும். இதே காரணத்தால், ஈரத் தோலில் வேலை செய்பவன் இரும்புக் கருவியை ஒதுக்கிப் பித்தளையையோ கொம்பையோ எலும்பையோ கையாள்வான். இல்லாவிட்டால் கருவி பட்ட இடமெல்லாம் கறை விழும்.

தோலின் வகையை இவ்விடத்திற் சொல்லிவிடுவது நல்லது. இன்று உலகிற் பெரும்பாலான தோல் குரோம் உப்பினால் விரைவாகப் பதனிடப்படுகிறது. அது மென்மையானது, நீரையும் சூட்டையும் ஓரளவு தாங்கும், சப்பாத்துக்கு உகந்தது. ஆனால் அது இரப்பரைப் போன்று மீண்டெழும் இயல்புடையது. அழுத்திய உருவம் அதில் நிலைப்பதில்லை. சுடுமண் சிற்பத்தின் மேடுபள்ளம் வேண்டுமாயின் தாவரப் பொருளாற் பதனிட்ட தோலே வேண்டும். இங்கேதான் தமிழ்நாட்டுக்கும் இக்கதைக்கும் உறவு ஏற்படுகிறது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு ஆகிய ஊர்களில் ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிடப்பட்ட தோல் கிழக்கிந்தியத் தோல் என்னும் பெயரோடு உலகச் சந்தையில் நெடுங்காலம் உலாவியது. 2008இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆவாரம்பட்டைத் தோல் வெளிறிய மஞ்சட் பழுப்பாயிருக்கும். வெயில் படப்படச் சிவக்கும். அச்சிவப்பைத் தடுப்பதற்காகவே பதனிடுவோர் கடைசியிற் கடுக்காய் நீரில் அதனை இடுவர். வெளிநாட்டுச் சாயக்காரனுக்குச் சிவக்காத தோல் வேண்டியிருந்தது. நமக்கு வேண்டியதோ செங்கல்லின் சிவப்பு. ஆகவே கடுக்காயைக் குறைத்துத் தோலைத் தானாகச் சிவக்கவிட்டால், வெயிலே அதற்குச் சூளையாகிவிடும். வியாபாரி குறையென்று கருதிய ஒன்றை வகுப்பவன் குணமாகக் கொள்ளலாம்.

வங்காளத்தில் தோலிற் சித்திர வேலை செய்யும் மரபு மிகப் பழையதன்று. கவி இரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனத்திற்கு அருகே ஸ்ரீநிகேதன் என்னும் கிராம புனருத்தாரண நிலையத்தை 1922இல் நிறுவினார். கிராம மக்களுக்கு உழவோடு ஒரு கைத்தொழிலும் இருக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். கவியின் குமாரர் இரதீந்திரநாதரும் அவர் துணைவியார் பிரதிமா தேவியும் ஐரோப்பாவிற் கண்ட தோல் வேலையை 1920களில் அங்கே புகுத்தினார்கள். முறை அந்நிய நாட்டது, கோலம் வங்காளத்தது. மங்கலநாட்களில் வங்காளப் பெண்கள் தரையில் இடும் அல்பனாக் கோலத்தின் கொடியும் தாமரையும் தோலில் ஏறின. ஆட்டுத்தோலை நனைத்து, சித்திரத்தின் கோட்டை மழுங்கிய முனையால் இழுத்து, மேடாக்கவேண்டிய இடத்தைப் புடைத்து, தூரிகையாற் சாயமிட்டு, ஓரங்களைத் தோல் நாடாவாற் பின்னி முடிப்பது அவர்கள் முறை. சாந்திநிகேதனத் தோற்பை என்ற பெயரோடு அது இந்தியா எங்கும் பரவிற்று. 2023இல் சாந்திநிகேதனம் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். விஷ்ணுபுரமும் சாந்திநிகேதனமும் ஒரே நாட்டில், ஒன்றுக்கொன்று அதிகத் தொலைவில்லாத மாவட்டங்களில் இருக்கின்றன. மண் ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமும் இவ்வளவு அருகே இருந்ததால், இரண்டும் ஒருநாள் சேர்ந்தது வியப்பன்று.

வேலையின் நுணுக்கம் சிலவற்றைச் சொல்கிறேன். கைத்தொழிற் பாடசாலைகளில் கற்பவர்களுக்கு இது பயன்படலாம். உருவத்தைப் பின்புறமிருந்து புடைத்தால் தோலின் அடியில் வெற்றிடம் உண்டாகிறது. அதை அப்படியே விட்டால் முதல் அழுத்தத்திலே உருவம் உள்வாங்கிவிடும். தோற்சீவலைப் பசையோடு குழைத்து அவ்வெற்றிடத்தை நிரப்பி, காய்ந்தபின் உட்துணி வைக்கவேண்டும். மடியும் இடத்தில் உருவம் வரக்கூடாது. கோயிற்சுவர் மடிவதில்லை, பை நாளொன்றுக்குப் பலமுறை மடிகிறது. மேடான இடம் மடிந்தால் வெடிப்பு நிச்சயம். ஆகையால் புடைப்பு வேலை மேல்மூடியிலும் முன்முகத்திலும் நிற்கட்டும். பக்கங்களும் அடியும் வெறுமையாகவே இருக்கட்டும். அத்தோடு கண்ணுக்கும் ஓய்வு வேண்டும். விஷ்ணுபுரத்தில் சுவர் முழுவதும் சிற்பம் நிறைந்திருப்பது உண்மையே. அதைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கிறோம். கைக்குள் அடங்கும் பொருளில் அதே நெருக்கம் கூச்சலாகிவிடும்.

இன்னொரு முறையும் உண்டு. அதைச் செய்து பார்க்கும்படி இத்துறையில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்வேன். குயவரிடம் கொடுத்து, வேண்டிய சித்திரத்தைக் குழிவாகச் செதுக்கிய மண்பலகையொன்றைச் சுடுவித்துப் பெறுவது. பின் நனைந்த மெல்லிய தோலை அதன்மேல் விரித்து, விரலாலும் எலும்புக் கருவியாலும் குழிக்குள் அழுத்திவிடுவது. மெருகிடாத சுடுமண் நீரை உறிஞ்சும். தோலின் ஈரத்தை அது மெல்ல வாங்கிக்கொள்ள, தோல் இறுகி உருவத்தைப் பற்றிக்கொள்ளும். இயந்திர அழுத்தத்தை அப்பலகை தாங்காது, பிளந்துவிடும். கையழுத்தத்திற்கு மட்டுமே அது ஏற்றது. அதனால் வேலை மெதுவாக நடக்கும். ஆனால் பித்தளை அச்சில் வராத ஒரு மென்மை அதில் உண்டு. குயவனின் கத்தி சென்ற தடமும் தோலிற் பதியும்.

இனிச் சற்றுக் கடினமான விஷயத்திற்கு வருகிறேன். கோயிலிலிருந்து எடுத்ததைத் தோலில் வைக்கலாமா? சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குள் நுழைகிறோம். சில கோயில்களில் தோற்பையையும் இடுப்புப் பட்டியையும்கூட வெளியே வைக்கச் சொல்கிறார்கள். அப்படியிருக்க, கண்ணனையும் இராதையையும் பையின்மேற் புடைப்பது தகுமா? இக்கேள்வியைக் கேட்பவரைப் பழமைவாதி என்று தள்ளிவிடுவது சரியன்று. அதேசமயம், தோல் என்றாலே தீட்டு என்பதும் நம் மரபு முழுவதையும் எண்ணிப் பார்த்த பேச்சாகாது. கடவுள் சந்நிதியில் ஒலிக்கும் மிருதங்கத்தின் இரு முகமும் தோல்தான். தோற்பாவைக் கூத்தில் இராமனும் சீதையும் தோலிலேதான் எழுந்தருளுகிறார்கள். மக்கள் அவர்களைக் கண்டு கைகூப்புகிறார்கள். தோலைப் பதனிட்டவனையும் தைத்தவனையும் ஊருக்குப் புறத்தே வைத்த கொடுமை, அந்தத் தோல் தந்த நாதத்தையும் கூத்தையும் ஊருக்குள் ஏற்றுக்கொள்ளத் தடையாயிருக்கவில்லை. ஆகவே இங்கே பிரச்சினை தோல் அன்று. உருவம் எந்த இடத்திற்குச் செல்கிறது என்பதே. பாவை விளக்கொளியின் முன் நிமிர்ந்து நிற்கிறது. பணப்பையோ காற்சட்டையின் பின்பையிற் சென்று, அதன்மேல் மனிதன் உட்காருகிறான். இருக்கையுறை, இடுப்புப் பட்டி, பாதரட்சை ஆகியவையும் அவ்வாறே.

அன்றாடத் தோற்பொருளில் தெய்வ உருவத்தைத் தவிர்ப்பதே நன்று என்பது என் துணிபு. அதனாற் கலைக்கு நட்டம் ஒன்றும் இல்லை. விஷ்ணுபுரத்துச் சுவரில் அன்னங்கள் இருக்கின்றன, ஓடங்கள் இருக்கின்றன, வேட்டை நாய்களும் மான்களும் மத்தளக்காரரும் கொடிகளும் இருக்கின்றன. வட்டமிடும் இராசமண்டலத்திலிருந்து மனிதரை நீக்கி, வட்டத்துள் வட்டமென்னும் அமைப்பை மாத்திரம் எடுத்து ஒரு சிறு நாணயப்பையின் முகத்தில் வைத்தாலும் அழகாகவே இருக்கும். குதிரையின் நிலை வேறு. நேர்த்திக்கு வைத்த பொருளானாலும் குயவர்களே அதை வீட்டு அலங்காரமாக வெகுகாலமாக விற்று வருகிறார்கள். அதைப் பையில் வைப்பதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. இராஜஸ்தானத்தில் நாத்துவாராவுக்கு அருகிலுள்ள மொலேலாக் கிராமத்து மண்பலகைகளைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது. அவற்றிற் பல தெய்வத் திருமேனிகள். பழங்குடி மக்கள் தொலைவிலிருந்து வந்து வாங்கிச் சென்று வழிபாட்டில் வைப்பவை. இரண்டையும் சுடுமண் என்ற ஒரே பெயரால் ஒன்றாக்கி, பைக்கு அலங்காரமாகப் பாவிப்பது அறியாமை.

இன்னுமொன்று, கூலி. ஒரு தொழிற்சாலைக்காரர் பாஞ்ச்முராக் குதிரையைப் பித்தளையில் அச்சாக வெட்டிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தும் இயந்திரம் ஒருநாளிற் பல நூறு மூடிகளைத் தள்ளிவிடும். விற்பனைச் சீட்டில் பாங்குரா மரபு என்று அச்சிட்டிருக்கும். அந்த மரபைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த கிராமத்திற்கு ஒரு சதமும் போய்ச் சேராது. பாஞ்ச்முராச் சுடுமண் பொருளுக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது உண்மை. அக்குறியீடு அவ்வூர் மண்பொருளின் பெயரைக் காப்பது. வேறொருவர் வேறொரு பொருளில் அதே குதிரையின் உருவத்தைப் பதிப்பதைத் தடுக்கும் வேலி அது அன்று. சட்டம் தடுக்காத இடத்தில் வகுப்பவரின் மனச்சாட்சிதான் நிற்கவேண்டும். முன்பு நான் சொன்ன மண்பலகை முறையை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். அச்சுப் பலகையைக் குயவரிடம் செய்விக்கும்போது சித்திரத்தைத் தீர்மானிப்பதில் அவருக்குப் பங்கு உண்டாகிறது. பலகை தேய்ந்தால் மீண்டும் அவரிடமே செல்லவேண்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவருக்குக் கூலி கிடைக்கிறது. எந்தக் கோலத்தைப் பைக்குக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று சொல்லும் தகுதியும் நகரத்தில் மேசை முன் இருப்பவரைவிட அவருக்கே அதிகம்.

இவ்வாறு செய்த பையின் விலை கூடுதலாகத்தான் இருக்கும். வாங்குவோர் கையில் எடுத்தவுடன் கவனிக்கத்தக்கவை சில. மூடியின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். புடைப்பு நிரப்பப்பட்டிருந்தால் உறுதியாக இருக்கும், வெற்றிடமானால் அமுங்கும். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உட்புறமும் மேற்புறத்தைப் போலப் பழுப்பாயிருந்தால் பட்டைத் தோல், சாம்பல்நீலம் தென்பட்டால் குரோமில் இட்ட தோல். மேடுகள் ஒவ்வொரு பையிலும் அணுவளவும் மாறாமல் ஒரே அளவாயிருந்தால் அது இயந்திரத்தின் வேலை. இயந்திர வேலை கூடாதென்பதன்று; கைவேலையின் விலையை அதற்குக் கொடுக்கவேண்டாம் என்றே சொல்கிறேன்.

நம் இலங்கையைப் போன்ற ஈரக் காற்றுள்ள நாட்டில் இத்தகைய பையைப் பேணுவதற்குச் சிறிது கவனம் தேவை. நனைந்த பட்டைத் தோல் மறுபடியும் மண்ணைப் போலாகிவிடும் என்பதை மறக்கலாகாது. மழையில் நனைந்த பையின்மேல் பாரமான புத்தகத்தை வைத்தால் குதிரை தட்டையாகிவிடும். நனைந்துவிட்டால் அடுப்பருகே வைக்காமல், உள்ளே பழைய கடதாசியைத் திணித்து, வடிவம் கெடாதபடி நிழலில் உலரவிடுங்கள். பூஞ்சணம் கண்டால் உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப் படும் இடத்தில் ஒருநாள் தொங்கவிட்டு, பின் மிகச் சிறிதளவு மெழுகு தடவுங்கள். நெகிழிப் பைக்குள் இட்டு அலுமாரியிற் பூட்டி வைப்பதைவிட, பருத்தித் துணியிற் சுற்றி வைப்பது நல்லது. அதிலும் நல்லது, நாள்தோறும் எடுத்துப் பாவிப்பது. வெயில் பட்டால்தானே அந்தத் தோல் சிவக்கும்.